சைக்கிளுக்கும் தலை துவட்டுங்கள்!

சென்ற இதழில் அரிசி, பருப்பில் வண்டு வராமல் காப்பது பற்றிப் பேசினோம். இந்த முறை சமையலறையை விட்டு வாசல் பக்கம் வருவோம். வாசலில் என்ன நிற்கிறது? சைக்கிள்!

"அது ஆம்பிளைங்க சமாச்சாரமாச்சே, அதைப் போயி பொம்பளைங்க புத்தகத்துல எழுதப் போறியா?" என்று எங்கள் எதிர்வீட்டு மதினி சிரித்தார்கள். "மதினி, உங்க வீட்டுச் சைக்கிளை இப்ப ஓட்டுறது யாரு?" என்று கேட்டேன். "எம் மகதான்" என்றார்கள். பிறகென்ன, நம் சமாச்சாரம்தானே!

தமிழக அரசு 2001-02-ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு என்று சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06 முதல் மற்ற மாணவ மாணவியருக்கும் அது விரிந்தது. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியிலோ பதினோராம் வகுப்புக்கு வந்ததும் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வந்துவிடுகிறது. வந்த அன்று சந்தனம், குங்குமம் வைத்து, ஹேண்டில்பாரில் பூச்சுற்றி வாசலில் நிறுத்துகிறோம். இரண்டு மழைக்காலம் போகட்டும், அதே சைக்கிள் காவி நிறத்தில், "கிறீச் கிறீச்" என்று அழுதுகொண்டு நிற்கிறது.

போனால் போகிறது, பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவில் பிளஸ் டூ படித்த ஒரு பெண், டியூஷன் முடிந்து வரும் வழியில் துருவேறிய செயின் அறுந்துவிட்டது. ஆள் நடமாட்டமில்லாத தோப்பு ரோட்டில், இருட்டில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் அவள் அப்பா, "டியூஷனும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். புதுச் செயின் ஒரே நாளில் மாட்டியாகிவிட்டது. ஆனால் அப்பாவின் மனத்தைத் திருப்ப, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாங்கள் ஒரு வாரம் பேச வேண்டியிருந்தது. செயின் விலை கொஞ்சம்தான். அது அறுந்தால் அறுவது செயின் மட்டுமல்ல என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

துரு எப்படி வருகிறது?

இரும்போடு தண்ணீரும் காற்றில் உள்ள பிராண வாயுவும் சேர்ந்தால் துரு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் துரு இல்லை. அதில் உப்பும் கலந்தால் வேகம் கூடிவிடும். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் உள்ள உறவினர் வீட்டுச் சைக்கிள்கள் நம்முடையதைவிடச் சீக்கிரம் துருப்பிடிப்பது கடற்காற்றில் வரும் உப்பால்தான்.

துருவிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. பித்தளை கறுத்தால் மேலோடு நின்றுவிடும். துரு அப்படி நிற்காது. இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு உப்பி, செதில் செதிலாக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதையும் தின்னத் தொடங்கும்.

டில்லியில் குதுப்மினார் வளாகத்தில் ஓர் இரும்புத் தூண் இருக்கிறது. சுமார் 1600 வருஷமாக வெயிலிலும் மழையிலும் நின்றும் பெரிதாகத் துருப்பிடிக்கவில்லை. அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் தானாகவே மேலே ஒரு மெல்லிய தோல் உண்டாகி இரும்பைக் காக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். நம் சைக்கிளுக்குத் தானாகத் தோல் வராது, நாம்தான் போர்த்த வேண்டும். சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) பெயிண்ட், ரிம்முக்கும் ஹேண்டில்பாருக்கும் முலாம், செயினுக்கும் நட்டுகளுக்கும் எண்ணெய். இந்த மூன்று உடுப்பும் கிழியாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

நம் ஊர்ப் பக்கத்து எதிரிகள்

கோம்பை மலையடிவாரத்து ஊர். ஆனி, ஆடியில் காற்றோடு சாரல் வரும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. ஆக, வருஷத்தில் இரண்டு தடவை சைக்கிள் நனையும். ஆனால் மழையைவிட மோசமான எதிரிகள் வீட்டிலேயே இருக்கின்றன.

முதலாவது, உர மூட்டை. கேரியரில் பொட்டாஷ் மூட்டை ஏற்றி வந்தால் சிந்துகிற தூளும் ஒரு வகை உப்புத்தான். ஈரம் பட்டதும் கேரியரையும் பின் மட்கார்டையும் அரிக்கத் தொடங்கும். உரம் ஏற்றிய அன்றே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

இரண்டாவது, மயில்துத்தம். கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் உள்ளவர்களுக்கு இது தெரியும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பன்னீர் திராட்சைக்கு நோய் வராமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளிப்பார்கள். வெறும் மயில்துத்தக் கரைசல் இரும்பில் பட்டால் செம்பு படிந்து இரும்பு கரையும். மருந்து தெளிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்த வேண்டாம் என்று வீட்டு ஆண்களிடம் சொல்லி வையுங்கள்.

மூன்றாவது, மாட்டுத் தொழுவம். மழைக்கு ஒதுக்குப்புறம் என்று அங்கே சாத்தி வைப்பார்கள். மூத்திரத்தின் உப்பும் ஓயாத ஈரமும் சேர்ந்தால் மழையில் நிற்பதே மேல்.

நான்காவது, பிளாஸ்டிக் சாக்கு. தலை முதல் கால் வரை இறுகப் போர்த்திக் கட்டினால் உள்ளே வியர்த்துக்கொண்டே இருக்கும். மேலே மட்டும் மூடி, கீழே காற்றுப் போக விடுங்கள்.

மழையில் வந்தால் ஐந்து நிமிஷம்

பிள்ளை நனைந்து வந்தால் முதலில் என்ன செய்கிறோம்? துண்டை எடுத்துத் தலை துவட்டுகிறோம். சைக்கிளுக்கும் அதேதான். சைக்கிளைக் கெடுப்பது மழை இல்லை, மழைக்குப் பிறகு அப்படியே ஈரத்தோடு விட்டுவிடுகிற ராத்திரிதான்.

பழைய காட்டன் சேலைத் துணி இரண்டு, சைக்கிளுக்கென்றே ஆணியில் மாட்டி வையுங்கள். ஒன்று ஈரம் துடைக்க, மற்றது எண்ணெய்க்கு. இரண்டையும் மாற்றிவிடக் கூடாது.

சேறு இருந்தால் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். அச்சுப் பக்கம் குழாயை வேகமாகப் பீய்ச்சி அடிக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பால்ரஸுக்குத் தண்ணீர் போய்க் கிரீஸைக் கழுவிவிடும்.

பிறகு துடைக்க வேண்டிய வரிசை: ஹேண்டில்பார், சீட்டுக்குக் கீழே உள்ள குழாய், ரிம், போக்ஸ் கம்பிகள் ரிம்மில் சேரும் இடம், மட்கார்டின் உட்புறம், கடைசியாகச் செயின். மட்கார்டின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாது, ஆகவே யாரும் துடைப்பதில்லை. முதலில் ஓட்டை விழுவதும் அங்கேதான்.

கடைசியில் பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றி, செயினுக்கு நாலைந்து துளி எண்ணெய். வேலை முடிந்தது. மழை நாளில் இந்த ஐந்து நிமிஷத்தைப் பிள்ளையே செய்யப் பழக்குங்கள்.

எந்த எண்ணெய்?

தையல் மிஷின் எண்ணெய் நம் வீட்டிலேயே இருக்கிறது. நீர்க்க இருப்பதால் கண்ணிகளுக்குள் நன்றாக இறங்கும். பெல், பிரேக் பிடியின் ஆணி, ஸ்டாண்டு, செயின் எல்லாவற்றுக்கும் போடலாம். நீர்த்த எண்ணெய் சீக்கிரம் போய்விடும் என்பதால் மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை, மற்ற நாளில் மாதம் இரு முறை விட்டால் போதும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் உறைந்துவிடும், நாளாக ஆகச் சிக்குப் பிடித்துப் புழுதியை இழுத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் அழுக்கு எடுக்க மட்டும். அதுவே பாதுகாப்பு என்று விட்டுவிட்டால் ஆவியாகிப் போய், செயின் முன்னைவிடக் காய்ந்து நிற்கும். நட்டு, போல்ட், முலாம் பூசிய இடங்களில் வாசலினை விரல் நுனியில் எடுத்து லேசாகத் தடவலாம். சீட்டுக் குழாய் சட்டத்துக்குள் இறங்கும் இடத்தில் கொஞ்சம் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் துரு ஏறி இறுகி, பிள்ளை வளர்ந்த பிறகு சீட்டை உயர்த்தவே முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்கும் இடத்தில் எண்ணெயோ வாசலினோ ஒரு பொட்டுக்கூடப் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. தவறிப் பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடைத்து, பிரேக்கைச் சோதித்துப் பார்த்த பிறகே பிள்ளையிடம் கொடுங்கள்.

துரு வந்தே விட்டதா?

பயப்பட வேண்டாம். மேலோடு வந்த துருவை வீட்டிலேயே எடுக்கலாம்.

ரிம், ஹேண்டில்பார் போன்ற முலாம் பூசிய இடங்களுக்கு ஓட்டல் பார்சலில் வரும் அலுமினியத் தாள் போதும். அதைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அலுமினியம் முலாமைவிட மெத்து. அதனால் கீறல் விழாமல் துரு மட்டும் வரும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துப் பரபரவென்று தேய்த்தால் முலாமும் சேர்ந்து போய்விடும்.

பிடிவாதமான துருவுக்குக் குத்துவிளக்குத் தேய்க்கும் வைத்தியமே கைகொடுக்கும். புளியைக் கெட்டியாகக் கரைத்துத் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டுத் தேங்காய் நாரால் தேயுங்கள். புளியின் புளிப்பு துருவைக் கரைக்கும். ஆனால் அதே புளிப்பு தங்கிவிட்டால் இரும்பையும் தின்னும். ஆகவே ஆப்ப சோடா ஒரு ஸ்பூன் கலந்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீர் விட்டு, உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, பிரேக் பிடிக்காத இடங்களில் மட்டும் வாசலின் தடவுங்கள். துரு எடுத்த இரும்பு புதுசாய்ப் பிறந்த குழந்தை மாதிரி. ஈரத்தோடு விட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி செம்மை தட்டிவிடும். செயினிலும் அச்சிலும் புளி போகக் கூடாது.

செயினுக்கு, பழைய தட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து அழுக்கெடுங்கள். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய். பத்து நிமிஷம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது உள்ளே, வெளியே இருப்பது மண்ணைத்தான் சேர்க்கும். கண்ணிகள் மடங்காமல் விறைத்து நின்றால் அந்தச் செயினோடு மல்லுக்கட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பெயிண்ட் போன இடத்துக்கு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். நனைத்தால் தூள் பறக்காது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மேலே எனாமல் பெயிண்ட். இதற்குத் தை, மாசி வெயில் நல்லது. ஆடிக் காற்றில் ஆரம்பித்தால் பெயிண்டைவிட மண் அதிகம் ஒட்டும்.

கக்கூஸ் கழுவும் ஆசிட்டைச் சைக்கிளுக்கு ஒருபோதும் எடுக்காதீர்கள். துரு நொடியில் போவது உண்மை. அதன் புகை மூச்சுக்குக் கேடு, பக்கத்தில் இருக்கிற மற்ற இரும்புச் சாமானையும் துருப்பிடிக்க வைத்துவிடும்.

நம் கையை மீறியது எது?

மாதம் ஒரு முறை, பகல் வெளிச்சத்தில், மூன்று இடங்களைக் குனிந்து பாருங்கள். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், பெடல் அச்சு இருக்கும் அடிப்பகுதி, பிரேக் கம்பி அல்லது கேபிள். சீட்டுக் குழாய் வழியாக இறங்கும் தண்ணீர் அடிப்பகுதியில்தான் தங்கும். பெயிண்ட் கொப்புளமாக உப்பியிருந்தால் ஸ்குரூ டிரைவர் நுனியால் லேசாகத் தட்டுங்கள். செதில் கொட்டினாலோ, அமுங்கினாலோ, விரிசல் தெரிந்தாலோ மேலே பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். அந்தச் சைக்கிளை அன்றே ஓட்டுவதை நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஓடும்போது ஃபோர்க் முறிந்தால் பிள்ளை முகம் குப்புற விழும். பிரேக் கேபிளில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

வருஷத்துக்கு ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன்னால், கடையில் ஓவராயிலிங் செய்துவிடுங்கள். பால்ரஸையெல்லாம் பிரித்துக் கழுவிப் புதுக் கிரீஸ் வைப்பது நம்மால் ஆகாத வேலை.

சின்னக் குழந்தை உள்ள வீட்டுக்கு

செயினைச் சுற்றும்போது குழந்தை பக்கத்தில் இருக்கக் கூடாது. பிஞ்சு விரல் பல் சக்கரத்தில் மாட்டினால் நொடியில் நசுங்கிவிடும். மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் எடுத்துக் குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வாந்தியின்போது அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். மண்ணெண்ணெய்த் துணியை அடுப்புப் பக்கம் காயப்போட வேண்டாம்.

அடுத்து, எல்லாத் தாய்மார்களும் பயப்படுவது: "துருப்பிடிச்ச கம்பி குத்திருச்சு, ஜன்னி வந்துருமா?" ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் வாழும் ஒரு கிருமியால் வருவது. துருக் கம்பியின் சொரசொரப்பில் மண் தங்கும், குத்தினால் ஆழமாக இறங்கும், அதுதான் ஆபத்து. துருவே இல்லாத முள் குத்தினாலும் இதே ஆபத்து உண்டு.

காயம் பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, சாணி, மண்ணெண்ணெய் எதையும் அப்ப வேண்டாம். ஆழமான காயமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, ஊசி தேவையா என்று கேளுங்கள். குழந்தைக்கு 6, 10, 14 வாரங்களில் போடுகிற ஊசியிலும், ஒன்றரை வயதுவாக்கிலும் ஐந்து வயதிலும் போடுகிற ஊசியிலும் டெட்டனஸ் தடுப்பு இருக்கிறது. பிறகு 10 வயதிலும் 16 வயதிலும் டி.டி. ஊசி. பதினாறு என்பது ஏறக்குறைய சைக்கிள் கைக்கு வரும் வயசு. ஆகவே சைக்கிள் வந்த அன்றே, அந்த ஊசி போட்டாயிற்றா என்று பார்த்துவிடுங்கள். 2015-ல் நம் நாட்டில் பிரசவத்தில் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் டெட்டனஸ் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

யூனிஃபார்மில் துருக்கறை

துருக்கறை பட்ட இடத்தில் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, காய்ந்ததும் அலசித் துவையுங்கள். ஒரு முறையில் போகாவிட்டால் மறுபடி செய்யலாம். பிளீச்சிங் பவுடர் போட்டால் கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். செயின் எண்ணெய்க் கறைக்கு முதலில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். கைப்பிசுக்குக்குச் சீயக்காய்த் தூளை மிஞ்ச ஒன்றும் இல்லை.

லீவில் நிற்கும் சைக்கிள்

பரீட்சை முடிந்து கோடை லீவில் மூலையில் சாத்தி வைப்பதுதான் துருவுக்குக் கொண்டாட்டம். வைக்கும்போதே கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்று நிரப்பி, சுவரில் சாயாமல் தரைக்கு ஒரு பலகை போட்டு நிறுத்துங்கள். வாரம் ஒரு தடவையாவது ஒரு சுற்று ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

பிள்ளை பிளஸ் டூ முடித்து, காலேஜுக்குப் பஸ்ஸில் போகிறாள் என்றால் அந்தச் சைக்கிள் யாருக்கு? ஏன், நமக்குத்தான்! 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் ஊக்கம் கொடுக்க, கல்குவாரித் தொழிலாளியும் அங்கன்வாடி ஊழியரும் வீட்டுப் பெண்களுமாக ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். சந்தைக்கும் தண்ணீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வந்தார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? ரேஷன் கடைக்கும், சின்னக் குழந்தையைப் பள்ளியில் விடவும் அந்தச் சைக்கிள் இன்னும் பத்து வருஷம் உழைக்கும், துரு தின்னாமல் இருந்தால்.

இப்போது எதிர்வீட்டு மதினியின் தையல் மிஷின் டிராயரில் இருந்த எண்ணெய்க் குப்பி வாசல் ஜன்னலுக்கு வந்துவிட்டது. பக்கத்திலேயே ஆணியில் இரண்டு துணியும் தொங்குகின்றன. உங்கள் வீட்டிலும் இன்றைக்கே ஓர் ஆணி அடியுங்கள்.

அடுத்த இதழில், தையல் மிஷினைப் பாதுகாப்பது பற்றிப் பார்ப்போமா?